கேட்காத கடன்



கடன் கொடுத்தவர் இறந்துபோனார். கடன் வாங்கினவர் உயிரோடு இருக்கிறார். நாற்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை. எழுதி வைத்த நோட்டு இல்லை, சாட்சி இல்லை. இப்போது சொல்லுங்கள், அந்தக் கடன் இருக்கிறதா, இல்லையா?

இதை விடுகதை மாதிரி நினைத்துவிடாதிருங்கள். நம்மில் அநேகருடைய வாழ்க்கையில் இப்படி ஒன்று எங்கேயோ கிடக்கிறது. காலி பண்ணிவிட்டு வந்த ஊரில் ஒரு மளிகைக் கடை பாக்கி. கல்யாணத்துக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்த ஒரு சித்தி. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று பாதிக் கூலியோடு அனுப்பப்பட்ட ஒரு கொத்தனார். வருஷங்கள் போய்விட்டன. ஆட்களும் போய்விட்டார்கள். கடன் எங்கே போயிற்று?

சட்டத்தைக் கேட்டால் ஒரு பதில் சொல்லுகிறது. 1963-ம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தின்படி, கடனாகக் கொடுத்த சரக்கின் விலைக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தாண்டினால் கோர்ட் கதவு மூடிவிடும். இதைத்தான் நம்ம ஆட்கள் "மூணு வருஷம் ஆயிட்டா கடன் செத்துப்போச்சு" என்று சொல்லுகிறார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வழக்குப் போடுகிற வழிதான் அடைபடுகிறது, கடன் அழிவதில்லை. அதனால்தான் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25-ம் பிரிவு, காலம் கடந்துபோன கடனைக்கூட "தருகிறேன்" என்று ஒருவன் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும் என்கிறது. செத்துப்போன ஒன்றுக்கு யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

இந்தக் காரியத்தில் எனக்குத் தெளிவு கொடுத்தது வக்கீலும் அல்ல, போதகரும் அல்ல. மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

2023 ஜனவரி மாதம். தென்காசியில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். திருமங்கலம் தாண்டினதும் அவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதன் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். "தம்பி, படிச்சவரா தெரியுது. இந்தக் கணக்கு சரியான்னு கொஞ்சம் பாருங்களேன்."

பென்சிலால் மூன்றே வரி. இரண்டு எழுபத்தைந்து 150. ஆறு இருபத்தாறு 156. ஆறு ஆயிரத்து நானூறு 8,400. "கணக்கு சரிதான் ஐயா, ஆனா என்ன கணக்குன்னு புரியலையே" என்றேன்.

அவர் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில், ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தவராம். 1982-ல் தங்கச்சி கல்யாணம். கையில் காசில்லை. ராஜபாளையத்தில் ஒரு அரிசிக்கடை அண்ணாச்சி, பந்திக்கு இரண்டு மூட்டை அரிசியைக் கடனாகக் கொடுத்தார். அப்போது மூட்டை என்றால் 75 கிலோ. கல்யாணம் முடிந்தது. தறி சில மாதம் ஓடவில்லை. இவர் பெண்சாதி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். அப்புறம் மகள் வீட்டோடு மதுரை. அண்ணாச்சி ஆள் அனுப்பவில்லை, கடிதம் போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்குள் கடையும் போய்விட்டது, அண்ணாச்சியும் போய்விட்டார். மகன் அதே ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு இப்போது கிளம்பியிருக்கிறார்.

"அன்னைக்கு என்ன விலைன்னு ஞாபகம் இல்லையா ஐயா? அந்த ரூபாயைக் குடுத்தாப் போதாதா?"

"நான் ரூவாயா வாங்கினேன்? அரிசிதான வாங்கினேன். அரிசிக்கு அரிசி."

பிரியமானவர்களே, பழைய கடனைத் திருப்பும்போது எந்தக் காலத்து மதிப்பில் திருப்புவது என்று பெரிய பெரிய படிப்பாளிகள் தலையை உடைத்துக்கொள்ளுகிறார்கள். இந்தப் பெரியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எது அவர் பந்தியில் வெந்ததோ, அதே அளவு இன்றைக்கு என்ன விலையோ, அவ்வளவு.

ஆனால் ஒரு சந்தேகம் அவருக்கு இருந்தது. "சிப்பம் இருபத்தஞ்சு கிலோதான? இப்ப என்ன இருபத்தாறுங்கான்?" 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான அரிசிப் பைகளுக்கு 5 சதவீத வரி வந்ததையும், அதற்காகவே மில்காரர்கள் 26 கிலோ போட ஆரம்பித்ததையும் விளக்கினேன். சிரித்தார். "நமக்கு நல்லதாப் போச்சு. ஆறு சிப்பம் போட்டா ஆறு கிலோ கூட வருது. அது வட்டின்னு வச்சுக்கிடலாம்."

8,400 ரூபாய். அந்தச் சமயத்தில் முதியோர் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். 2023 ஆகஸ்டிலிருந்துதான் 1,200 ஆயிற்று. எட்டு மாதத்துக்கு மேல் சேர்த்த பணம். மகள் திட்டினாளாம். "செத்தவருக்குக் குடுக்கப் போறியளா, அந்த மகன் நம்மள விட வசதியா இருக்காரே" என்று கேட்டாளாம். கேட்டதில் என்ன தப்பு? நானும் அதையேதான் மனதில் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் சொன்னார்: "அவன் வசதியா இருக்கான்னா எங்கடன் கொறைஞ்சு போகுமா தம்பி?"

"அண்ணாச்சி கேக்கவே இல்லையே. விட்டுட்டார்னுதானே அர்த்தம்?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"விட்டுட்டேன்னு அவுக சொல்லணும். நானா எப்படிச் சொல்லிக்கிட முடியும்?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக்காரர் ஏறினார். நான் வாங்கி நீட்டினதில் ஒரு துளி மட்டும் எடுத்துக்கொண்டார், சர்க்கரை வியாதியாம். அப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். "ஒரு வார்த்த அவுக சொல்லியிருக்கலாம். 'போடா, அது என் சீரு'ன்னு சொல்லியிருந்தா, நாப்பது வருசம் நான் அந்தத் தெருப் பக்கம் போகாம இருந்திருக்க மாட்டேன். அவுக சாவுக்குக்கூட நான் போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?"

ராஜபாளையத்தில் இறங்கிப் போனார். மகன் பணத்தை வாங்கினாரா, சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியாது. ரயில் சிநேகம் அவ்வளவுதானே.

அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், வீட்டுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு வாலிப சகோதரர், "அண்ணே, புறமதத்தார்கிட்ட நாம என்ன கத்துக்கிறது?" என்று கேட்டார். மோசே வனாந்தரப் பிரயாணத்தில் காலை முதல் சாயங்காலம் வரை தனியாளாக உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரித்துக் களைத்துப்போனபோது, இது சரியில்லை, வேலையைப் பங்கிட்டுக் கொடு என்று புத்தி சொன்னது யார்? அவருடைய மாமனார் எத்திரோ. மீதியான் தேசத்து ஆசாரியன். கடலைப் பிளந்த கோலைக் கையில் பிடித்த மோசே, அந்த வயதானவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டு அப்படியே செய்தார். நமக்கு என்ன அதைவிடப் பெரிய கௌரவம்?

உண்மையைச் சொன்னால், அந்தப் பெரியவர் செய்ததற்கு வேதத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. நாம் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிற எண்ணாகமம் 5-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவனுக்கு அநியாயம் செய்தவன் அதை அறிக்கையிட்டால் மட்டும் போதாது. முதலைத் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள வேண்டியவன் இல்லை, அவனுக்கு நெருங்கின உறவும் இல்லை என்றால்? அப்போதும் கடன் ரத்தாகவில்லை. அது கர்த்தருக்கு உரியதாகி ஆசாரியனிடம் போய்ச் சேர வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் கடன் நிற்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்! நம்ம பெரியவருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 150 கிலோவுக்கு மேல் இன்னும் 30 கிலோ. அவர் ஆறு கிலோதான் கூட்டினார். ஆனால் சட்டம் தெரியாமல், கட்டளை கேளாமல் தானாகக் கூட்டினார்.

எலிசாவின் காலத்து விதவைக்கு எண்ணெய் பெருகின அற்புதத்தை எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்! பாத்திரங்கள் நிரம்பினதோடு பிரசங்கம் முடிந்துவிடுகிறது, ஜனங்கள் கை தட்டுகிறார்கள். நிரம்பின எண்ணெயை என்ன செய்யச் சொன்னார் தீர்க்கதரிசி? முதலில் விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். அந்தக் கடனை வாங்கின புருஷன் இறந்துபோயிருந்தான் என்பதையும் கவனியுங்கள். நமக்கு எண்ணெய் வேண்டும், அந்த வரிசை வேண்டாம்.

இங்கே ஒரு காரியத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கந்துவட்டிக்காரன் மீட்டர் போட்டு ஏற்றின வட்டியைப் பற்றி நான் பேசவில்லை. அப்படிப்பட்ட வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்திருக்கிறது. ஏழைக் குடும்பத்தின் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு "கடனைத் திருப்புவது தேவ சித்தம்" என்று யாராவது இந்தக் கட்டுரையைக் காட்டினால், அவர் இதைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

நான் சொல்ல வருவது வேறு. "கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்" என்று சாட்சி சொல்லுகிறோம். அது மெய்தான். ஆனால் கொத்தனாருடைய கூலியைக் கொத்தனார்தானே மன்னிக்க வேண்டும்? அவர் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தையை, அவரைப் பார்க்காமலே நாமாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாமா? "நானா எப்படிச் சொல்லிக்கிட முடியும்?" என்று அந்தப் பெரியவர் கேட்டாரே, அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த அரிசிக்கடை அண்ணாச்சி நல்லவர். சந்தேகமே இல்லை. கேட்கக்கூடாது என்ற பெருந்தன்மையில்தான் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார். ஆனால் சொல்லாத மன்னிப்பு வாங்க வேண்டியவன் கைக்குப் போய்ச் சேருகிறதில்லையே! அண்ணாச்சி இறக்கி வைத்துவிட்ட சுமையை இவர் நாற்பது வருஷம் தூக்கிக்கொண்டு, ஒரு தெருவையே ஒதுக்கிச் சுற்றிப் போயிருக்கிறார். கொடுத்தவனுக்கு மறந்துபோன ஒன்று வாங்கினவனுக்கு மறக்கிறதில்லை. கேட்காமல் இருப்பது ஒரு தயவு. "கேட்கமாட்டேன், நீ வீட்டுக்கு வா" என்று சொல்லுவது இன்னொரு தயவு. இரண்டும் ஒன்றல்ல.

எனக்கும் ஒரு சகோதரரிடமிருந்து வர வேண்டிய பணம் இருந்தது. 2009-ல் அவருடைய மகன் படிப்புக்காகக் கொடுத்த 20,000 ரூபாய். அவர் வியாபாரம் நொடித்துப்போனது எல்லாருக்கும் தெரியும். நான் அதை விட்டுவிட்டு வருஷங்கள் ஆயிற்று, கணக்கில்கூட வைத்திருக்கவில்லை. அவர் ஆராதனைக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், முடிவு ஜெபத்துக்கு முன்னே எழுந்து போய்விடுவார். அவசரக்காரர் என்றுதான் சபையில் பேர்.

தென்காசியிலிருந்து திரும்பின வாரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி போட உள்ளே போன நேரத்தில், "தம்பி, அந்தப் பணத்தை நான் அப்பவே விட்டுட்டேன். இனி அது கிடையாது" என்றேன். அவர் பதில் பேசவில்லை. காபி ஆறிப்போயிற்று. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் 5-ம் தேதி என் வீட்டு வாசலில் வந்து நின்று 500 ரூபாயை நீட்டினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "நீங்க விட்டுட்டீங்க அண்ணே, சரி. இது நான் குடுக்கிறது. வாங்கிக்கிட்டீங்கன்னா உள்ள வந்து உக்காருவேன்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். மாதாமாதம் வாங்கிக்கொள்கிறேன். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷமாவது உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார். இப்போதெல்லாம் முடிவு ஜெபத்துக்கு இருக்கிறார். நாற்காலிகளை அடுக்குகிறதும் பெரும்பாலும் அவர்தான்.