ஒரே வண்ணமும் ஒரு முகத்தின் நிறமும்

ஒரு முகத்தை வரைகிறவன் அந்த முகத்துக்கு உரியவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? அவர் எப்படித் தெரிய ஆசைப்படுகிறாரோ அப்படி வரைவதா, என் கண்ணுக்கு எப்படித் தெரிகிறாரோ அப்படி வரைவதா? எண்ணெய் வண்ணத்தில், ஒரே ஒரு நிறத்தை வைத்து உருவப்படம் பழகும்போது இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடிவதில்லை.

முறை எளிது. பர்ன்ட் அம்பர் என்ற மண்பழுப்பை டர்பன்டைனில் இளக்கி கேன்வாஸ் முழுக்கப் பூசிவிட வேண்டும். ஈரம் காய்வதற்குள் பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வண்ணம் கிடையாது. துணி பட்ட இடத்தில் தெரிகிற கேன்வாஸின் வெண்மைதான் நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு. நிழலுக்கு அதே பழுப்பு, கொஞ்சம் கெட்டியாக.

செவப்பு, மாநிறம், கறுப்பு என்று நாம் ஆட்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் இங்கே உதவாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கறுத்தவரின் நெற்றி, நிழலில் இருக்கும் சிவந்தவரின் தாடையைவிட வெளிச்சமானது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் ஒற்றை வண்ணம் எல்லோரையும் சமமாக்கிவிடுகிறதா? 17ஆம் நூற்றாண்டில் ஆன்டனி வான் டைக், செப்புத்தகட்டு அச்சுக்காகப் பல உருவப்படங்களைப் பழுப்பிலேயே வரைந்தார். தளபதி, அறிஞர், ஓவியர் எல்லோருக்கும் ஒரே பழுப்பு. ஆனாலும் கவசமும் கழுத்துப்பட்டியும் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன. வண்ணத்தை எடுத்துவிட்டால் அந்தஸ்து போய்விடாது.

எங்கள் தெருவில் இஸ்திரி போடும் பாட்டி ஒருநாள் எனக்காக உட்கார்ந்தார். “கொஞ்சம் செவப்பாப் போடு தம்பி, பேரன் பாப்பான்” என்றார். துணியை இன்னொரு முறை அழுத்தினால் போதும், சிவந்துவிடுவார். பழுப்பு மறுப்பு சொல்லாது. தடுத்தது அவருடைய நரைமுடி. கன்னத்தை வெளுத்தால் அதை ஒட்டியிருக்கும் நரை காணாமல் போகும். நெற்றியில் விழுந்த ஜன்னல் வெளிச்சத்தை முழுசாகத் துடைத்தெடுத்தேன். கன்னத்தை இருந்தபடியே விட்டேன். “என்னப்பா, எல்லாம் காப்பிக் கலராக் கெடக்கு” என்று சிரித்தார்.

அவருடைய ஆசையை மறுக்க எனக்கு என்ன உரிமை? கல்யாணச் சந்தையும் கிரீம் விளம்பரமும் ஊட்டிய ஆசை அது என்று சொல்லலாம். அப்படிச் சொல்வதிலும் ஒரு மேட்டிமை இருக்கிறது. கறுப்பு என்பதற்காகப் பேச்சு வாங்கியவர் அவர். அது அழகு என்று சொல்வதில் எனக்கு ஒரு செலவும் இல்லை. ஆனால் நான் வெளுத்துக் கொடுத்திருந்தால், பேரன் பார்த்திருப்பது வேறு யாரையோ.

இப்போதைக்கு நான் நம்புவது இதுதான்: ஒரு முகத்தின் மேல் விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சமும் பாக்கி வைக்கக் கூடாது. விழாத வெளிச்சத்தை இனாமாகக் கொடுக்கவும் கூடாது. அவர் கேட்டாலும்கூட.