மலையேறும் பிள்ளைகளும் மார்க்க ஒழுக்கமும்

வானங்களையும் பூமியையும் படைத்து, பூமி அசையாதிருக்க மலைகளை அதன் முளைகளாக ஊன்றிய அல்லாஹ் ஜல்ல ஷானஹூ வத்தஆலாவுக்கே எல்லாப் புகழும்! ஹிராக் குகையிலிருந்து இறங்கி வந்து இவ்வுலகை இருளிலிருந்து மீட்ட எம்பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வீடுகளில் இப்போது ஒரு பேச்சு எழுந்துள்ளது. ஆறு நாளும் தொழிற்பேட்டையிலோ கணினி நிறுவனத்திலோ உட்கார்ந்து உழைத்த பிள்ளை, ஞாயிறு விடியுமுன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைக்குழுவோடு மலைக்குப் புறப்பட்டு விடுகிறான். ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலை, தடா அருவி, பூண்டி ஏரிக்கு அப்பால் குடியம் குகைகள் என்று வாரத்துக்கு ஓர் இடம். 2008இல் சென்னையில் ஒரு மலையேற்றக் குழு தோன்றியதிலிருந்து இந்தப் பழக்கம் பரவிவிட்டது. "தொழுகிற பிள்ளைக்கு மலையில் என்ன வேலை?" என்கிறார் வாப்பா. "உடம்புக்கு நல்லதுதானே!" என்கிறார் உம்மா. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மலைக்கும் நம் மார்க்கத்துக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்து வளர்ந்த மக்கா, மரம் செடி இல்லாத பாறை மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. ஜபலுந் நூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 640 மீட்டர் உயரம். அதன் உச்சியை ஒட்டிய ஹிராக் குகைக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஏறி, பல இரவுகள் தங்கி வணங்கி வந்தார்கள். உணவு தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து, மீண்டும் எடுத்துச் சென்றார்கள். கி.பி. 610இல் முதல் வஹீ வந்ததும் அங்கேதான். ஹிஜ்ரத்தின் போது ஸவ்ரு மலைக் குகையில் அபூபக்கர் (ரலி) அவர்களுடன் மூன்று இரவுகள் தங்கினார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக் கச்சையைக் கிழித்து உணவு மூட்டையைக் கட்டிக் கொடுத்த சரித்திரம் நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்ததே.

உஹது மலையை நாயகம் (ஸல்) அவர்கள் நேசித்தார்கள். அதுவும் நம்மை நேசிக்கிறது என்றார்கள். ஒருமுறை அபூபக்கர், உமர், உஸ்மான் (ரலி) ஆகியோருடன் அதன் மீது ஏறினார்கள் என்று ஹதீஸ் கிதாபுகளில் வந்துள்ளது. தோழர்கள் கூடி மலை ஏறுவது நமக்குப் புதிதான காரியமா, என்ன?

நாயகம் (ஸல்) அவர்களின் நடையை வர்ணித்த ஸஹாபாக்கள், சரிவிலிருந்து இறங்குகிறவரைப் போல முன் சாய்ந்து, அடியைப் பெயர்த்து வைத்து நடப்பார்கள் என்றார்கள். இது மலையில் நடந்து பழகியவனுக்கு உடனே விளங்கும். காலை இழுத்துக்கொண்டு தளர்ந்து நடப்பதும், நெஞ்சை நிமிர்த்திக் கர்வத்தோடு நடப்பதும் அந்த நடை அல்ல. பூமியில் பெருமையடித்து நடக்கிறவன் மலையின் உயரத்தை எட்டிவிடப் போவதில்லை என்று திருமறை எச்சரிக்கிறது. சிகரத்தில் ஏறி நின்று கைகளை விரித்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் பிள்ளைகள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். ஏறும்போது "அல்லாஹு அக்பர்" என்றும் இறங்கும்போது "ஸுப்ஹானல்லாஹ்" என்றும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம். உயரத்தில் நிற்கும்போது பெரியவன் யார் என்பதை நாவு சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே மலையேறுவதை நாம் தடுக்கவில்லை. பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர். இருவரிடமும் நன்மை உண்டு என்பது நபிமொழியின் கருத்து. இதில் இன்னொரு பயனும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் கடும் வெயிலில் 1,301 பேர் மரணமடைந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அந்த நாட்களில் மக்காவின் வெப்பம் 51.8 டிகிரி வரை ஏறியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் வந்து, நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தாலே ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பிறகு மினாவும் அரஃபாத்தும் முஸ்தலிஃபாவும் இருக்கின்றன. வீட்டு வாசலிலிருந்து பள்ளிவாசலுக்குக்கூட வண்டியில் போகும் நம் பெரியவர்கள், நிய்யத் வைத்த ஆண்டிலாவது ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் தினமும் காலையில் நடந்து பழக வேண்டாமா? ஹிராவுக்கு ஏறுவது ஹஜ்ஜின் கடமைகளில் ஒன்றன்று. நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவதே மேல்.

இனி தொழுகைக்கு வருவோம். வாப்பாமார்களின் உண்மையான கவலை இதுவே. அது நியாயமான கவலை.

அதிகாலை 4 மணிக்கு வேன் அம்பத்தூரிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் 6 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. ஜனவரியில் ஆறரை மணி ஆகலாம். அடிவாரம் போய்த் தொழுது கொள்ளலாம் என்று நம்பி ஏறுகிறவனுக்கு, வழியில் டீக்கடையில் அரைமணி நேரம் போய்விட்டால், சுபுஹு கழாவாகிவிடும். நஃபிலும் அல்லாத ஒரு பொழுதுபோக்குக்காக ஃபர்ளை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமாகாது. ஆகவே வேன் ஏறும்போதே, "வழியில் பள்ளிவாசலில் பத்து நிமிடம் நிறுத்த வேண்டும்" என்று தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். வெட்கப்படத் தேவையில்லை. குழுவில் உள்ள மாற்றுமத சகோதரர்கள் பெரும்பாலும் மனமுவந்து காத்திருப்பார்கள். ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. சொல்லாமல் மறைப்பதுதான் சங்கடத்தை உண்டாக்குகிறது.

மலையில் லுஹர் வந்தால்? ஓடையில் நீர் இருந்தால் ஒளுச் செய்ய வேண்டியதுதான். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண் விரயம் கூடாது. கையில் உள்ள நீர் குடிப்பதற்கு மட்டுமே போதுமானதாக இருந்து, அதைச் செலவிட்டால் தனக்கோ கூட வந்தவருக்கோ தாகத்தால் ஆபத்து வரும் என்றால் தயம்மும் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் தயம்முக்குப் புழுதி உள்ள மண் வேண்டும். வழுக்குப் பாறையில் கையைத் தட்டினால் போதாது. ஹனஃபி மத்ஹபில் கல்லின் மீதும் தயம்மும் கூடும். நம் பகுதியில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். ஒரே பாறையில் நின்று இருவரும் வாதம் செய்யாமல் அவரவர் இமாமைப் பின்பற்றிக் கொள்ளலாம். அத்தொழுகையைப் பின்னர் மீட்டித் தொழ வேண்டுமா என்பது இடத்தையும் சூழ்நிலையையும் பொறுத்தது. அதை முஹல்லா ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்க.

கிப்லா நமக்கு மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. காலையில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் ஏறக்குறையத் திசை தெரிந்துவிடும்.

கஸ்ரு பற்றி இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இருமத்ஹபிலும் கஸ்ருத் தூரம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சில கிலோமீட்டர் முன்பின் இருக்கும். ஆவடியிலிருந்து திருவள்ளூர், ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் போகும் தூரம் அந்த அளவை எட்டுவதில்லை. குடியம் அதைவிடப் பக்கம். ஆகவே அங்கெல்லாம் முழுமையாகவே தொழ வேண்டும். "மலைக்குப் போனால் கஸ்ருதானே" என்று சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் தூரத்தைப் பார்க்கிறது. மலையா சமவெளியா என்று பார்ப்பதில்லை.

வளைகுடாவில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே நடைக்குழுக்கள் ராஸுல் கைமாவின் ஜபல் ஜைஸ் பக்கமும், ஓமானின் ஜபல் ஷம்ஸ் பக்கமும் வறண்ட பாறை மலைகளில் வாரந்தோறும் ஏறுகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளி அரைநாள் வேலை நாளானது. அதற்கு முன் வெள்ளிக்கிழமையே மலைக்குப் போவார்கள். ஓமானில் இன்றும் வெள்ளியும் சனியுமே விடுமுறை. ஜும்ஆ கடமையானவர் வெள்ளியன்று சுபுஹுக்குப் பிறகு, வழியில் ஜும்ஆ கிடைக்காது என்று தெரிந்தும் புறப்படுவது ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது. நேரம் வந்த பிறகு தொழாமல் புறப்படுவதை ஹனஃபிகளும் வெறுக்கிறார்கள். சனிக்கிழமை என்று ஒரு நாள் இருக்கும்போது வெள்ளியைப் பிடித்துத் தொங்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்து, கூட்டத்தின் ஒழுக்கம். மூன்று பேர் பயணம் புறப்பட்டாலும் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ள வேண்டும் என்பது நபிவழி. பாதையில் பிளவு வரும்போதும், மழை மிரட்டும்போதும் பத்துப் பேர் பத்து யோசனை சொன்னால் என்னவாகும்? உஹதில் ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு அம்பெய்வோர் ஐம்பது பேரை ஒரு சிறு குன்றில் நிறுத்தி, எது நேர்ந்தாலும் இறங்கக்கூடாது என்று கட்டளையிட்டார்கள். அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் தலைவர். வெற்றி கிட்டிவிட்டது என்று எண்ணிப் பெரும்பாலோர் தலைவரின் சொல்லை மீறி இறங்கினார்கள். அதனால் வந்த சேதத்தை உம்மத் இன்றுவரை மறக்கவில்லை. போர்க்களமும் பொழுதுபோக்கும் ஒன்றல்ல. ஆனால் மலையில் கட்டுப்பாடு குலைந்தால் ஆபத்து இரண்டிலும் உண்டு.

தங்குமிடத்தில் ஸஹாபாக்கள் பள்ளத்தாக்குகளிலும் கணவாய்களிலும் சிதறிப் போனதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இப்படிச் சிதறுவது ஷைத்தானின் தூண்டுதல் என்று கண்டித்தார்கள். அதன்பின் ஒரு துணியை விரித்தால் எல்லோரையும் மூடும் அளவுக்கு நெருங்கி இருந்தார்களாம். இன்னொன்று: பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பின்தங்கி வருவார்கள். பலவீனமானவரைத் தம் வாகனத்தில் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவருக்காக துஆச் செய்வார்கள். உயர்ந்த அந்தஸ்தில் இருந்தவர் கடைசியில் நடந்தார்கள்! நம் பிள்ளைகளோ முதலில் உச்சியைத் தொட்டவன் யார் என்று கணக்கு வைக்கிறார்கள். கடைசியில் மூச்சிரைத்து வருபவரை விட்டுவிட்டுப் போவது மலையேற்றமும் ஆகாது, மனிதத் தன்மையும் ஆகாது.

நெருப்பைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்களும் பெண்களும், பெரும்பாலும் இளம் வயதினர். அந்த வீடுகளின் துயரத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு எரிந்தபோது, நெருப்பு உங்கள் பகைவன். உறங்குமுன் அதை அணைத்துவிடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கோடையில் காய்ந்த புல்லில் சமையல் செய்வதும், சிகரெட் துண்டை எறிவதும், வனத்துறை அனுமதி இல்லாமல் குறுக்கு வழியில் புகுவதும் தன்னை மட்டுமல்ல, பிறர் உயிரையும் பணயம் வைப்பதாகும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப்பாதைகளை வழிகாட்டியுடன் முறைப்படி திறந்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் உண்டு. நேர்வழி இருக்கும்போது திருட்டு வழி எதற்கு?

அந்தக் குடியம் வட்டாரம் முட்புதரும் கூழாங்கல் பாறையும் வெயிலும் நிறைந்த இடம். அதன் அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் ஆதி மனிதரின் கல்கருவிகளைக் கண்டெடுத்தார். பூமியில் பயணம் செய்து முன் சென்றவர்களின் நிலையைப் பாருங்கள் என்று அல்லாஹ் பல இடங்களில் கூறியிருக்க, ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, இதைச் செதுக்கிய கை எங்கே என்று ஒரு நிமிடம் சிந்திக்கலாம். அந்தக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடக்கூடாது. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை.

பாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும், நீர்த்துறையிலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஓடையையே குடிக்கும் ஆடுமாடுகளும் அடிவாரத்து ஏழைகளும் இருக்கிறார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று. அப்படியிருக்க, பிளாஸ்டிக் பாட்டிலையும் பிரியாணிப் பொட்டலத்தையும் போட்டுவிட்டு வருபவரை என்னென்பது? நாகலாபுரத்துப் பாறைக் குளங்களில் குதிக்கும் இளைஞர்கள், தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைத்திருக்க வேண்டும் என்பதையும், அக்குளங்களின் ஆழம் மேலிருந்து தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். மது புழங்கும் குழு என்றால் அடுத்த வாரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

பெண்கள்? நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். ஒருமுறை அன்னையார் வென்றார்கள், பின்னொரு முறை நாயகம் (ஸல்) அவர்கள் வென்றார்கள். மஹ்ரமான ஆண் துணையுடன், ஹிஜாபைப் பேணி, கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக ஒரு நாள் நடந்து வருவதை யாரும் குறை கூற இயலாது. அந்நியர் கலந்து மலையில் இரவு தங்கும் கூட்டங்கள் வேறு விஷயம். அதற்கு நாம் இணங்க மாட்டோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஞாயிறு மாலை வேன் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ வந்து நிற்கும்போது பெரும்பாலும் மஃரிபு நெருங்கியிருக்கும். பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு, ஹவுளில் கைகால் கழுவி, ஒளுவுடன் உள்ளே போய்த் தொழுதுவிட்டு, அதன் பிறகு உம்மாவின் கையால் ஒரு தம்ளர் தேநீர் வாங்கிக் குடிக்கட்டும்.