கூடல் இழைத்தவள்

கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தொடங்கிய இடத்துக்கே விரல் வந்துவிட்டது என்று மனம் அடித்துச் சொல்லும். கண்ணைத் திறந்தால் கோட்டின் நுனி உள்ளே சுருண்டு கிடக்கும்; இல்லையென்றால் இரண்டு விரற்கடை தள்ளிப் போயிருக்கும்.

இதற்குத்தான் கூடல் இழைத்தல் என்று பெயர். பழந்தமிழ்ப் பெண்கள் தோழிகளோடு உட்கார்ந்து, மனத்தில் இருப்பவன் வருவானா என்று கேட்டு இழைப்பார்கள். நுனிகள் கூடினால் அவனும் வந்து கூடுவான். வட்டத்தில் சுழி சுழியாகப் போட்டு, இரண்டிரண்டாக எண்ணிக் கழித்து, இரட்டையில் முடிந்தால் நல்லது, ஒற்றை மிஞ்சினால் இல்லை என்று பார்ப்பதும் உண்டு. விளையாட்டு என்பார்கள், குறி என்றும் சொல்வார்கள். எனக்கு இது அனுமதி என்று தோன்றுகிறது. இன்னாரை விரும்புகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத பெண், மணலைக் கேட்கும் சாக்கில் தோழிகள் நடுவே அதைச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்களை எழுதி, பொது எழுத்துகளை அடித்து ‘ஃப்ளேம்ஸ்’ போட்ட எல்லோருக்கும் இந்தச் சாக்கு தெரியும்.

முத்தொள்ளாயிரப் பாட்டு ஒன்றில் ஒருத்தி வருகிறாள். பாண்டியன்மேல் ஆசைகொண்டவள். கூடல் இழைப்பவள்போல மணலில் கையை வைக்கிறாள், ஆனால் இழைக்கவில்லை. கோடு தப்பிவிட்டால்? அந்தப் பயத்தில் விரலை அசைக்காமல் இருக்கிறாள். அவளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மருத்துவமனை அறிக்கையைப் பிரிக்காமல் மடியில் வைத்திருப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? தெரியாமல் இருக்கும்வரை ஆசைக்கு உயிர் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை, அதாவது ஆண்டாள், வேறு மாதிரி. அவள் பாடிய நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில், நான்காம் பதிகம் முழுக்கக் கூடலோடு அவள் பேசும் பேச்சு. அதற்கு முன் காமதேவனை நோற்றாயிற்று. சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் மன்றாடியாயிற்று. இப்போது மணலில் தான் போட்ட கோட்டையே ஓர் ஆளாக எதிரில் உட்காரவைத்து, அவன் வருவான் என்றால் நீ கூடு என்கிறாள். பாட்டுக்குப் பாட்டு அவனை ஒவ்வொரு விதமாக அடையாளம் சொல்கிறாள். திருவேங்கடத்தில் இருப்பவன், காளியன் தலையில் ஆடியவன், கம்சனைக் கொன்றவன். மணலுக்கு இவ்வளவு விலாசம் எதற்கு? சொல்லச் சொல்ல அவளுக்குத்தான் அவன் பக்கத்தில் வருகிறான்.

பத்துப் பாட்டு முடிகிறது. பதினோராம் பாட்டில் தன் பெயரைச் சொல்லி, இவற்றைப் பாட வல்லவர்களுக்குப் பாவமில்லை என்று முடித்துவிடுகிறாள். கூடல் கூடியதா என்று சொல்லவே இல்லை.

எத்தனை முறை படித்தாலும் நான் நின்றுபோகிற இடம் இதுதான். அடுத்த பதிகத்திலேயே அவனைக் கூவி அழை என்று குயிலிடம் கெஞ்சுகிறாள். கோடு தப்பியிருந்தால், அந்த முடிவை அவள் ஏற்கவில்லை. கூடியிருந்தால், அது அவளுக்குப் போதவில்லை. வருவான் என்ற நற்சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? அவன் வரவேண்டும். பூக்கட்டிப் பார்த்து நல்ல பூ வந்த பிறகும் சந்நிதியை விட்டு நகராமல் நிற்கிறவர்களுக்கு இது புரியும். குறி பலித்தாலும் பொய்த்தாலும் உண்மையான விருப்பம் அதோடு அடங்குவதில்லை. அது குறியைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறது.

இன்றும் பங்குனி உத்திரத்தன்று அவளுக்கும் திருமாலான ரங்கமன்னாருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் திருக்கல்யாணம் நடக்கிறது. அவளோ அந்தக் கல்யாணத்தை ஆறாம் பதிகத்திலேயே கனாக் கண்டு, சடங்கு சடங்காகத் தோழிக்குச் சொல்லிவிட்டாள். அப்படியும் ஓயவில்லை. ஏழாவதில் அவன் வாய்ச்சுவை எப்படியிருக்கும் என்று சங்கைக் கேட்கிறாள். எட்டாவதில் வேங்கடத்து மேகங்களைத் தூது போகச் சொல்கிறாள்.