மனச்சான்றும் பீரங்கியும்

தீயவன் தீமை செய்வதில் வியப்பில்லை. தன்னை நல்லவன் என்று முழுமனத்தோடு நம்புகிற ஒருவன், கடமை என்று எண்ணியே ஒரு கொடுமையைச் செய்யும்போதுதான் நாம் திகைத்து நிற்கிறோம். "என் மனச்சான்று என்னை உறுத்தவில்லை" என்று அவன் சொன்னால் அவனுக்கு என்ன மறுமொழி கூறுவது? மனச்சான்றின் குரலுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நம்மைப் பயிற்றுவித்த அதே திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம், அவனை எந்த அளவுகோலால் அளப்பது? நூலகங்களில் தேட வேண்டிய இந்த வினாவை, பொழுதுபோக்கிற்காக எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் நாடகம் எளிமையாக எழுப்பியிருக்கிறது.

'கொலம்போ' என்னும் அமெரிக்கத் தொடரை என்.பி.சி. நிறுவனம் 1971 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. பின்னர் 1989 முதல் 2003 வரை ஏ.பி.சி. நிறுவனம் அதைத் தொடர்ந்தது. கொலையாளி யார் என்பதை இத்தொடர் மறைப்பதில்லை. முதற்காட்சிகளிலேயே கொலை நம் கண்முன் நிகழ்ந்துவிடும். அதன்பின் கசங்கிய மழைக்கோட்டும் கையில் சுருட்டுமாகப் பீட்டர் ஃபால்க் நடித்த காவல் அதிகாரி வருவார், பணிவாகக் கேட்பார், விடைபெற்றுக் கதவுவரை சென்றவர் திரும்பி வந்து இன்னும் ஒன்று கேட்பார். 'யார் கொன்றது?' என்ற கேள்விக்கு இங்கே இடமில்லாததால், 'கொன்றவன் எப்படிப்பட்டவன்?' என்ற கேள்வியே எஞ்சுகிறது. அது அறவியலின் கேள்வி.

இத்தொடரைப் படைத்த ரிச்சர்டு லெவின்சனும் வில்லியம் லிங்க்கும், கொலம்போவுக்கு இரண்டு முன்னோர்களைக் குறிப்பிட்டனர். ஒருவர், தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி. மற்றவர் நமக்கு நெருங்கியவர்: ஜி.கே. செஸ்டர்ட்டன் படைத்த கத்தோலிக்கக் குரு ஃபாதர் பிரவுன். அக்குருவுக்கு முன்மாதிரியாக விளங்கியவர் செஸ்டர்ட்டனின் நண்பரான அருட்தந்தை ஜான் ஓ'கானர். 1922இல் செஸ்டர்ட்டன் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தபோது அவரும் உடனிருந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மனித உள்ளங்களைக் கேட்டுக் கேட்டே குற்றத்தை அறிந்தவர் ஃபாதர் பிரவுன். கொலம்போவின் பணிவான கேள்விகளில் அந்தக் குருவின் சாயல் இருப்பதில் வியப்பில்லை.

நாம் எடுத்துக்கொள்வது 1974 அக்டோபர் 27 அன்று ஒளிபரப்பான பகுதி. 'விடியலின் முதல் ஒளியில்' என்று பொருள்படும் அதன் தலைப்பு, அமெரிக்க நாட்டுப்பண்ணிலிருந்து எடுத்தது. தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டனில் உள்ள 'சிட்டடல்' என்னும் புகழ்பெற்ற இராணுவக் கல்லூரியில் அது படமாக்கப்பட்டது. கதையில் வருவது ஹேன்ஸ் என்னும் இராணுவக் கல்விக்கூடம். நிறுவனரின் பேரன் அதை ஆணும் பெண்ணும் பயிலும் சாதாரணக் கல்லூரியாக மாற்ற முனைகிறான். கல்விக்கூடத்தின் தலைவர் கர்னல் ரம்ஃபோர்டுக்கோ அந்த இடமே வாழ்வு. நாட்டிற்கு வீரர்களை வார்த்துத் தரும் உலைக்களம். நிறுவனர் நாள் விழாவில் முழங்க வேண்டிய பீரங்கியின் குண்டில் அவர் வெடிமருந்தை மாற்றுகிறார். குழலுக்குள் துடைக்கும் துணியைத் திணிக்கிறார். பேரனே அதை இயக்கும்படி அவனது வீம்பைத் தூண்டிவிடுகிறார். பீரங்கி வெடித்து அவன் மாள்கிறான். அதைச் சுத்தம் செய்த ஸ்ப்ரிங்கர் என்னும் மாணவன்மேல் கவனக்குறைவுப் பழி விழுகிறது.

கர்னல் எப்படி அகப்படுகிறார்? மாணவர் விடுதியின் சன்னல் ஒன்றில், புளித்த ஆப்பிள் சாறு நிறைந்த ஜாடி கயிற்றில் தொங்குகிறது. மது அங்கே தடைசெய்யப்பட்டது. அதைக் கண்ட கர்னலால் வாளாவிருக்க இயலவில்லை. குற்றவாளிகளைக் கண்டுபிடிக்க ஆணையிடுகிறார். ஆனால் விழா நாளின் விடியலில், அதுவும் பீரங்கி நின்ற இடத்திலிருந்து மட்டுமே அந்த ஜாடியைக் கண்டிருக்க முடியும் என்று கொலம்போ மெய்ப்பிக்கிறார். கடமையுணர்வே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அகப்பட்ட பின்னும் அவர் கலங்கவில்லை. வாய்ப்பிருந்தால் மீண்டும் அதையே செய்வேன் என்ற உறுதியோடு நிமிர்ந்தே நிற்கிறார்.

இந்தக் கர்னலாக நடித்தவர் பேட்ரிக் மெக்கூகன். அவருடைய வாழ்வை அறிந்தால் நம் வினா மேலும் கூர்மையடைகிறது. 1928இல் நியூயார்க்கில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அயர்லாந்திலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் வளர்ந்தவர். வங்கி எழுத்தர், லாரி ஓட்டுநர் எனப் பல வேலைகள் பார்த்த பின் நாடக அரங்கில் நுழைந்தவர். 1951இல் மணந்த மனைவியோடு 2009இல் இறக்கும்வரை வாழ்ந்தவர். 'டேஞ்சர் மேன்' என்னும் உளவாளித் தொடர் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அதில் தம் உளவாளி பெண்களை முத்தமிடமாட்டான், துப்பாக்கியைவிட அறிவையே நம்புவான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஜேம்ஸ் பாண்டு வேடம் தேடி வந்தபோது ஒழுக்கக் காரணத்தால் மறுத்தார். 'தி செயின்ட்' தொடரின் நாயக வேடத்தையும் ஏற்கவில்லை. அவ்விரண்டும் ஷான் கானரியையும் ரோஜர் மூரையும் உலகப் புகழுக்கு உயர்த்தின. அத்தகையவர்தான் இந்தக் கொலைகாரக் கர்னலாக நடித்து, 1975இல் எம்மி விருது பெற்றார். அதே தொடரின் மற்றொரு கொலையாளி வேடத்திற்காக 1990இல் மீண்டும் அவ்விருதைப் பெற்றார்.

முத்தத்திற்கு மறுத்தவர் கொலைக்கு ஒப்பினாரே, இது என்ன அறம் என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்குமுன் சற்றே எண்ணிப் பார்ப்போம். மேடையில் கொலை, நடிப்பு மட்டுமே, யாரும் இறப்பதில்லை. முத்தமோ, நடிப்பாயினும் உண்மையிலேயே நிகழ்கிறது. இதைவிட ஆழமான வேறுபாடும் உண்டு. பாண்டு கதைகளில் கட்டற்ற காமம் கவர்ச்சியாகக் காட்டப்படுகிறது. கர்னலின் கதையில் கொலை கொலையாகவே காட்டப்படுகிறது. தீமையைச் சித்திரிப்பது வேறு, அதற்கு ஒப்பனை செய்து விற்பது வேறு. தீமையைச் சித்திரிக்கவே கூடாது என்றால் காயீன் கதையை நாம் எங்ஙனம் வாசிப்பது?

ஆக, ஒரே முகத்தில் இரு மனச்சான்றுகளைக் காண்கிறோம். நடிகருடையதும் வளையாதது, கர்னலுடையதும் வளையாதது. எங்கே பிரிகின்றன? முதல் விடை எளிதில் தோன்றுகிறது: விலை கொடுப்பவர் யார் என்று பாருங்கள். நடிகர் தம் கொள்கைக்குத் தாமே விலை கொடுத்தார். புகழும் பொருளும் பிறருக்குச் சென்றன. கர்னல் தம் கொள்கைக்குப் பிறன் உயிரை விலையாக்கினார்.

இந்த விடை சரியே, ஆனால் போதாது. 1959இல் மெக்கூகன் பெரும்பாராட்டுப் பெற்ற நாடகம் இப்சன் எழுதிய 'பிராண்டு'. அதன் நாயகன் ஒரு போதகர். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்பதே அவர் சமயம். தம்மையும் அவர் ஒறுக்கிறார். ஆனால் அக்கடுமைக்குக் குழந்தையும் மனைவியும் பலியாகின்றனர். தானும் விலை கொடுக்கிறேன் என்பதனால் மட்டும் ஒருவனது பிடிவாதம் புனிதமாகிவிடாது.

இங்கே நம் மரபு கைகொடுக்கிறது. தவறான மனச்சான்றும் மனிதனைக் கட்டுப்படுத்தும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். அத்தோடு நிறுத்தவில்லை. அறிந்திருக்க வேண்டியதை அசட்டையால் அறியாமல் விட்டவனை அந்த அறியாமை மன்னிக்காது என்றும் தெளிவுபடுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் இதே வேறுபாட்டை வலியுறுத்தியது: வெல்ல இயலாத அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை, உண்மையைத் தேட அக்கறை கொள்ளாதவனுக்கு அந்த அடைக்கலம் இல்லை. உறுத்தல் இல்லை என்பது ஒரு சான்றாகாது. கேட்டுப் பார்த்தாயா என்பதே கேள்வி.

கர்னல் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்க அவருக்கு வாய்ப்பு இல்லாமற் போகவில்லை. இளைஞர்களை மேன்மக்களாக வார்ப்பதற்கென்றே கொலை செய்ததாக எண்ணியவர், அப்படிப்பட்ட ஓர் இளைஞன்மேல் தம் குற்றத்தின் பழி விழுந்தபோது வாய் திறக்கவில்லை. எதைக் காக்கக் கொன்றாரோ அதையே அந்த மௌனத்தால் கொன்றார். தொலைவிலிருந்த சன்னலில் தொங்கிய ஜாடியைக் கண்ட அந்தக் கூரிய கண், பக்கத்தில் நின்ற பையனைக் காணவில்லை. கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குவோர் என்று ஆண்டவர் கடிந்துகொண்டது இத்தகையோரை அல்லவா? அவருக்கு மனச்சான்று இல்லாமலில்லை. அது பிறரை நோக்கியே திரும்பியிருந்தது. தம்மை நோக்கி ஒருமுறையும் திரும்பவில்லை.

கொலை என்பது நம் வாழ்விலிருந்து தொலைவில் இருக்கிறது. ஆனால் குடும்ப மானத்திற்காக ஒரு மகளின் விருப்பத்தை நெரித்த தந்தையும், நிறுவனத்தின் நற்பெயருக்காக ஓர் எளியவன்மேல் பழி தங்கட்டும் என்று வாளாவிருந்த பொறுப்பாளரும் தொலைவில் இல்லை. அவர்களும் இரவில் நிம்மதியாகவே உறங்குகிறார்கள். நாமும் உறங்கியிருக்கிறோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்த நாள்களில் நமக்கும் உறுத்தல் இருந்ததில்லை.

ஆகவேதான் இரவு ஆன்ம சோதனையில் 'நான் என் கடமையைச் செய்தேனா?' என்று கேட்பது மட்டும் போதாது என்று தோன்றுகிறது. அந்தக் கேள்விக்குக் கர்னலும் 'ஆம்' என்றே விடை சொல்லியிருப்பார். விடைபெற்றுச் சென்ற பின்னும் கதவருகிலிருந்து திரும்பி வருகிற அந்த மழைக்கோட்டு மனிதரைப் போல, இன்னும் ஒரு கேள்வி நமக்குத் தேவைப்படுகிறது: என் கடமைக்கு இன்று விலை கொடுத்தவர் யார்? அவர் பெயரை மெல்லச் சொல்லிப் பார்ப்போம். சொல்லும்போது நாக்குத் தயங்கினால், அங்கேதான் மனச்சான்று பேசத் தொடங்குகிறது.