குறிப்பறிந்து ஈதல்



அநாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர்கள் அவ்விருளினின்று நீங்குதற்பொருட்டு, எல்லாம்வல்ல சிவபெருமான் அவற்றிற்குத் தநு, கரண, புவன, போகங்களைத் தந்தருளினான் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. தநு என்பது உடல். கரணம் என்பது மனம் முதலிய கருவி. புவனம் என்பது உறையும் இடம். போகம் என்பது நுகரும் பொருள். உடல் நிலையாதது என்பது உண்மையே. ஆயினும், நிற்குங்காறும் அஃது இறைவன் ஈந்த கருவியாதலின், அதனைப் பட்டினியால் வாட விடுதல் தகாது. அக்கருவி தேய்ந்து, அதற்குரிய உணவும் சுருங்கி நிற்பார் யாவரெனின், நோயும் வறுமையும் ஒருங்குற்ற முதியோரே ஆவர். அவர்க்குத் திங்கள்தோறும் மளிகைப் பண்டம் உதவும் அறத்தைக் குறித்து ஈண்டுச் சில கூறுவாம்.

நம் நாட்டில் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி 60 அகவை நிரம்பியோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். அரசினர் இவரை முற்றும் மறந்தாரல்லர். நடுவணரசு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அன்னபூர்ணா திட்டம், ஓய்வூதியம் பெறத் தகுதியிருந்தும் பெறாத 65 அகவைக்கு மேற்பட்டார்க்குத் திங்கள்தோறும் 10 கிலோ தானியம் விலையின்றி ஈய வகுக்கப்பெற்றது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2011ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படலாயிற்று. தமிழ்நாட்டின் முதியோர் ஓய்வூதியம் 2023ஆம் ஆண்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. அதனை நாட்கணக்கிற் பகுப்பின் நாளொன்றுக்கு 40 ரூபாயாம். வீட்டு வாடகையும், மருந்தும், மருத்துவமனைக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவும் போக அதில் எஞ்சுவது யாதென்பதை அன்பர்களே எண்ணிக் காண்க.

எனவே, பல வீடுகளில் அரிசி உளது. அரிசியொடு உண்ணத் தக்கது இல்லை. நீரிழிவு உற்றார்க்கோ தீட்டிய அரிசிச்சோறு மிகின் அதுவே பகையாம். சோற்றைக் குறைத்துப் பருப்பும் காய்கறியும் மிகுத்து உண்க என மருத்துவர் கூறுவர். அவ்வுரை வறியவர் செவிக்கு எட்டும். அவ்வுணவு அவர் கைக்கு எட்டாது. அரசினர் செய்தது போக எஞ்சி நிற்கும் இவ்விடைவெளியே அடியார் புகுந்து தொண்டாற்றுதற்குரிய இடம் என்க.

இவ்விடத்துச் சிலர் ஒரு தடை எழுப்புவர். “முதுமையில் நோயும் வறுமையும் வருதல் அவரவர் பிராரத்த வினைப்பயன். நுகர்ந்தே கழிக்க வேண்டிய அதனை நாம் இடைபுகுந்து தடுத்தல் யாங்ஙனம் பொருந்தும்?” என்பது அவர் வினா. வினைக்கொள்கை நமக்கும் உடன்பாடே. ஆயின், வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் ஒருவனே. அத்தொழில் நமக்கு அளிக்கப்படவில்லை. ஒருவனது வினைக்கணக்கை அறிவார் இறைவனையன்றிப் பிறரிலர். ஒருவனது பசியை அறிதலோ யாவர்க்கும் இயலும். அறியாத கணக்கைக் காட்டி, அறிந்த பசியைப் புறக்கணித்தல் சித்தாந்தமன்று. அது தன் கைப்பொருளைக் காத்தற்குச் சொல்லும் வாய்ப்பேச்சேயாம். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, திருஞானசம்பந்தப் பெருமான் அதனை வினைப்பயனென்று விட்டொழிந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளி அந்நோய் தீர்த்தார். வினையென்று அறிந்தோர் அது நீங்கும் வாயிலைத் தேடாதிருத்தல் குறைபாடே என்பது அப்பதிகத்தால் நாம் பெறும் தெளிவு.

இனி, “அடியார்க்குச் செய்வதன்றோ சிவபுண்ணியம்? பொதுவாக ஏழைக்கு அரிசி பருப்பு ஈதல் பசுபுண்ணிய மாத்திரையே அன்றோ?” எனின், இவ்வேறுபாடு நூல்களிற் கூறப்படுவதே. ஆயினும் நாயன்மார் பலர் வாழ்வை நோக்குக. இறைவன் தன் உருவை மறைத்து, அயலாராய், பசித்தவராய், தளர்ந்தவராய் அவர் வாயிலில் வந்து நின்றான். நம் வாயிலில் நிற்பார் யாவரென்று துணிந்து சொல்லும் அறிவு நமக்கில்லை. அன்றியும், அட்டமூர்த்தங்களுள் உயிரும் ஒன்றாக எண்ணப்படுதலின், உயிர்க்குச் செய்வது அதனிடத்து உறையும் அவனுக்கும் ஆம். ‘யான் ஈந்தேன்’ என்னும் முனைப்பு நீங்கி, ‘அவன் ஈவித்தான்’ என்னும் உணர்வொடு செய்யப்படின், பொதுவறமும் சிவபுண்ணியத்திற்குப் படியாதல் ஒருதலை.

அற்றேல், எங்ஙனம் ஈதல் வேண்டும்? இதனை நமக்குக் கற்பித்தவர் காஞ்சிநகரில் வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்ட நாயனார். அடியார் வாய்திறந்து கேட்குமுன்னரே அவர்தம் குறிப்பறிந்து தொண்டு செய்தமையால் அவர் அப்பெயர் பெற்றார். மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாய் ஒரு முதியவர் வடிவில் இறைவன் அவர்முன் வந்தபோது, அவர் முதற்கண் வினவியது உடல் இளைத்தமைக்குக் காரணம் யாது என்பதே. பின்னரே கந்தையை ஒலித்துத் தருவதாக இரந்து பெற்றார். குளிரால் வருந்தும் அம்முதியவர்க்குப் பொழுது சாயுமுன் அக்கந்தை திரும்பக் கிடைத்தல் வேண்டும். அது கூடாதவாறு மழை பெய்தபோது, நாயனார் துணி ஒலிக்கும் கல்லில் தம் தலையை மோதத் துணிந்தார். காலம் தவறிய தொண்டு தொண்டாகாது என்று அவர் கருதிய கருத்தை உன்னுக.

இக்குறிப்பறிதல் மளிகை ஈயும் அறத்திற்கு உயிர்நிலையாம். எல்லார்க்கும் ஒரே வகையான பொட்டலம் கட்டிக் கொடுத்தல் எளிது. ஆயின், நீரிழிவு உடையார்க்குச் சர்க்கரையும் மைதாவும் ஈதல் உதவியன்று. குருதியழுத்தம் உடையார்க்கு அப்பளமும் ஊறுகாயும் ஆகா. உலக நல்வாழ்வு நிறுவனம் வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு வரையறுத்த உப்பு 5 கிராமுக்கும் குறைவே. சிறுநீரகம் தளர்ந்தார்க்கு நாம் நல்லனவென்று மகிழ்ந்து கொடுக்கும் வாழைப்பழமும் இளநீரும் தீங்கு விளைத்தல் கூடும். பருப்பின் அளவும் கேழ்வரகும்கூட அவர்க்கு மருத்துவரைக் கேட்டே ஈதற்குரியன. பல்லிழந்தார்க்கு முழுக்கடலை பயனில்லை. பொட்டுக்கடலை மாவு பயன்படும். கண்ணொளி குன்றினார்க்குப் பொட்டலத்தின்மேற் பெரிய எழுத்தால் பெயரெழுதித் தருதலும் ஓர் அறமே. ஆதலின், கொடுப்பார் முதற்கண் கொண்டு செல்ல வேண்டுவது மூட்டையன்று; ‘உமக்கு என்ன நோய்? மருத்துவர் எதனை விலக்கினார்? அடுப்பு மூட்ட யார் உளர்?’ என்னும் அன்பு வினாக்களே.

அடுத்து எண்ணத்தக்கது திருவீழிமிழலை வரலாறு. வற்கடம் வந்துற்ற காலத்து, அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டு, இறைவன் நாவுக்கரசர்க்கும் சம்பந்தர்க்கும் நாடோறும் ஒவ்வொரு படிக்காசு பீடத்தில் வைத்தருளினான். அக்காசு கொண்டு பண்டம் வாங்கிச் சமைத்தலின், அஃது உணவுப்பண்டம் உதவும் அறத்திற்கு இறைவனே வகுத்த முன்மாதிரி எனலாம். சம்பந்தர் திருமடத்தில் அமுது தாழ்ந்தது. காரணம் வினவ, அவர் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்பதால் காலம் நீள்கின்றது என்றனர். பிள்ளையார் அக்குறை தீரப் பாடி நற்காசு பெற்றார். பசித்தார்க்கு ஈயும் காசில் வாசி இருத்தலை அவர் பொறுத்தாரல்லர். நாமோ, வண்டு பட்ட பருப்பையும், காலங்கடந்த எண்ணெயையும், நம் வீட்டில் வேண்டாதனவற்றையும் அறமென்று பெயரிட்டு அனுப்புகின்றோம். தான் உண்ண ஒருப்படாததைப் பிறர்க்கு ஈதல் வாசிபட்ட காசை நீட்டுவதேயாம்.

காலந் தாழ்த்தலின் கேடு இவ்வரலாற்றொடு ஒழிந்ததன்று. நீரிழிவுக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ கொள்வார் உரிய வேளையில் உண்ணாவிடின், குருதியிற் சர்க்கரை அளவிறந்து தாழ்ந்து, மயக்கமும் உயிர்க்கேடும் நேரும். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் 2000 முதல் 2008 வரை மருத்துவமனை புகுந்தோர் கணக்கை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியாகிய ஆய்வு ஒன்றுண்டு. வருவாய் குறைந்தாருள் இக்குறைவால் மருத்துவமனை புகும் நிலை, திங்களின் முதல் வாரத்தினும் இறுதி வாரத்தில் நூற்றுக்கு 27 பங்கு மிகுதியென்றும், செல்வரிடத்து அவ்வேறுபாடு இல்லையென்றும் அது காட்டிற்று. கைப்பொருளும் கலத்து அரிசியும் தீரும் நாள் எதுவோ, நோய் பாயும் நாளும் அதுவே. ஆகவே, பண்டத்தை முதல்நாளில் ஒருங்கே கொடுத்துவிடாது, இரு கூறாக்கி, பிற்கூற்றைத் திங்களின் மூன்றாம் வாரத்தில் சேர்ப்பித்தல் சிறந்த முறையாம்.

மூன்றாவதாக, ஈயும் இடம். திருச்சிராப்பள்ளியில் மகப்பேற்று நோயுற்ற பெண்ணொருத்திக்கு உதவ வந்த தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, இறைவனே அத்தாயின் வடிவுகொண்டு அவள் இல்லம் புகுந்து பணிசெய்தான். அதனால் தாயுமானவன் எனப் பெயர் பெற்றான். வர இயலாதாரை வருகவென்று அழைத்தானல்லன், தான் சென்றான். நியாயவிலைப் பண்டங்களை 70 அகவை கடந்தோர் இல்லத்திற்கே கொண்டு சேர்க்கும்பொருட்டுத் தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கப்பெற்ற திட்டத்திற்குத் தாயுமானவர் என்னும் பெயர் இடப்பெற்றமை பொருத்தமுடைத்து. முழங்கால் நொந்தாரையும் மூச்சு வாங்குவாரையும் வெயிலில் நிரைநிறுத்திப் பை வழங்கும் நம்மவர் சபைகள் இதனைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

அவ்விறைவன் தன் உருவில் தோன்றாது தாயுருவிலேயே நின்று தொண்டு செய்தமையையும் நோக்குக. பெற்றவள், பெற்ற தாயிடம் பெற்றதாகவே எண்ணினாள், நாணமின்றிப் பெற்றாள். இக்காலத்தோ, ஐந்து கிலோ அரிசிப் பையை ஐவர் பற்றி நின்று, முதியவரை நடுவில் நிறுத்தி நிழற்படம் எடுக்கின்றனர். வாழ்நாளெல்லாம் உழைத்துப் பிறர்க்கு ஈந்து வாழ்ந்த ஒருவர் முதுமையில் கைநீட்டிய தோற்றத்தை ஊரார் காணச் செய்தல், கொடுத்த அரிசியினும் பன்மடங்கு பறித்ததாகாதோ? பசியைத் தீர்க்கச் சென்று ஆணவத்தை வளர்த்து மீளுதல் இரங்கத்தக்கது.

அன்பர்காள்! பெருநிதி இல்லையே என்று தளர வேண்டா. ஒவ்வொரு திருக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலும் நோயுற்ற முதியோர் வாழும் பத்து இல்லங்களை ஒரு சபையார் தெரிந்துகொள்க. ஓர் இல்லத்திற்கு ஓர் அன்பர் பொறுப்பேற்க. அவர் தம் வீட்டிற்கு மளிகை வாங்கும் நாளில் அவ்வில்லத்திற்கும் உரியன வாங்கி, தம் வீட்டுப் பண்டத்தின் தரத்திலேயே கொண்டு சென்று, சிறிதுபொழுது உடனிருந்து, நலம் வினவி மீள்க. தனிமையும் ஒரு நோயாதலின், அவ்விருப்பும் உணவோடு ஒப்பதேயாம். தம் இல்லத்து இளைஞரையும் உடன் அழைத்துச் செல்க. நாளை நம் கதவைத் தட்டுவார் அவரே.

அடியார்க்கு எளியனாய் எழுந்தருளிய பெருமான், குறிப்பறிந்து, காலமறிந்து, தன்னை மறந்து ஈயும் நெஞ்சை நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.