உயிரின் மதிப்பும் இழப்பீட்டின் கணக்கும்

சாலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈடு தர வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. எவ்வளவு தருவது என்ற இடத்தில்தான் அறவியல் சிக்கல் தொடங்குகிறது. எல்லா உயிரும் சமம் என்றால் இழப்பீடும் சமமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இந்தியச் சட்டம் பெரும்பாலும் அப்படித் தருவதில்லை.

மெய்யியலில் இதற்கு இரு அடிப்படைகள் உண்டு. தீங்கு செய்தவர், தீங்குற்றவர் ஆகியோரின் தகுதியைப் பாராமல், நேர்ந்த இழப்பை மட்டும் அளந்து சரிசெய்வதே நடுவரின் வேலை என்பது அரிஸ்டாட்டில் சொன்ன திருத்தும் நீதி. விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புள்ள மனிதருக்கு ஈடு எதுவும் இல்லை என்பது 1785-இல் இம்மானுவேல் காண்ட் வகுத்த வேறுபாடு. முதல் நெறிப்படி இழப்பு ஆளுக்கு ஆள் மாறும், தொகையும் மாறும். இரண்டாம் நெறிப்படி எத்தொகையும் உயிருக்கு விலையாகாது. தொகையில் உள்ள ஏற்றத்தாழ்வை உயிரின் ஏற்றத்தாழ்வாகக் கொள்ளவும் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு ‘நியாயமான’ இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. அதைக் கணக்கிடும் முறையை 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது. 2017-இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதிசெய்தது. இறந்தவரின் ஆண்டு வருவாயுடன் வருங்கால உயர்வைச் சேர்த்து, அவருடைய சொந்தச் செலவைக் கழித்து, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். மனைவியும் இரு குழந்தைகளும் உள்ள 30 வயது நிரந்தர ஊழியர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டியிருந்தால், 50 விழுக்காடு கூட்டி, மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 17-ஆல் பெருக்கும்போது 30,60,000 ரூபாய் வரும். அதே விபத்தில் இறந்த, அதே வயதும் குடும்பமும் உடைய இன்னொருவர் வரி போக மாதம் 1,50,000 ரூபாய் ஈட்டியிருந்தால் தொகை பத்து மடங்காகும். ஈமச்செலவு, துணையை இழந்த துயரம் முதலியவற்றுக்கான தொகைகள் மட்டும் இருவருக்கும் ஒன்றே.

இங்கே அளக்கப்படுவது உயிர் அன்று, சார்ந்திருந்தோர் இழந்த வருவாய் என்பது சட்டத்தின் விடை. உடலூனத்திலும் இதே அளவுகோல்தான். கை இழந்த ஓட்டுநர் பிழைப்பை முழுவதும் இழக்கலாம். எழுத்தர் வேலையில் தொடரலாம். ஆகவே மருத்துவர் சொல்லும் ஊன விழுக்காட்டை அப்படியே ஏற்காமல், ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும் என 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

வருவாயே இல்லாதவர் வரும்போது இந்த விடை தடுமாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட அட்டவணை, வருவாயற்ற மனைவியின் மதிப்பைக் கணவர் வருவாயில் மூன்றில் ஒரு பங்காக வைத்தது. வீட்டுவேலையை உழைப்பாக எண்ணாத அந்தப் பார்வையை 2010-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2021-இல் வந்த தீர்ப்பு, ஊதியமற்ற வீட்டுவேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்லும் 2019-ஆம் ஆண்டு ஆய்வைச் சுட்டி, இல்லத்தரசிக்கும் ஊக வருவாயும் வருங்கால உயர்வும் உண்டு என்றது. விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில் 2020-இல் திறன்மிகு தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியே அளவாகக் கொள்ளப்பட்டது. இத்தகைய வழக்குகளில் நீதிமன்றம் இழப்பைக் கண்டறிவதோடு நிற்பதில்லை. ஒருவர் எந்த மதிப்புக்கு உரியவர் என்றும் தீர்மானிக்கிறது. மாண்பு என்னும் கருத்து கணக்குக்குள் நுழைவது இவ்வழியே.

சமத் தொகை தரும் விதிகளும் உள்ளன. ரயில் விபத்து மரணத்துக்கு 2017 முதல் அனைவருக்கும் 8 லட்சம் ரூபாய். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, ஓட்டியவர் தவறு செய்தார் என்று நிறுவாமலேயே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறலாம். பெறுபவரின் வருவாயை இவ்விதிகள் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சமத்துவம் பல குடும்பங்களின் உண்மையான இழப்புக்கு மிகக் குறைவு.

யார் தருவது என்பது அடுத்த கேள்வி. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் பணம் தவறு செய்தவரிடமிருந்து பெரும்பாலும் வருவதில்லை. பிரீமியம் செலுத்திய அனைவரிடமிருந்தும் வருகிறது. ஓட்டுநரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லாத வழக்குகளில்கூட, காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு வாகன உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற நெறியை 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்றது. தீங்கு செய்தவரையும் தீங்குற்றவரையும் நேராக இணைத்த அரிஸ்டாட்டிலின் நீதி இங்கே பகிர்வு நீதியாக மாறுகிறது. சாலையில் வண்டி இறக்கும் ஒவ்வொருவரும் பிறருக்கு ஆபத்தை உண்டாக்குகிறார். அதன் சுமையை எல்லோரும் சுமப்பது முறை என்பது இதற்கான நியாயம். குற்றப்பொறுப்பு மட்டும் பகிரப்படுவதில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தவரைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு தனியே தண்டிக்கிறது.

ஆகவே சட்டம் இரு நெறிகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றதைக் கைவிடவில்லை. மாண்புக்கு அனைவருக்கும் ஒரே அடிப்படைத் தொகையும், இழப்புக்கு ஆளுக்கேற்ற தொகையும் என வேலையைப் பிரித்திருக்கிறது. உயிர்கள் சமம், இழப்புகள் சமமல்ல என்ற இரு கூற்றுகளும் இந்தப் பிரிவினையில் முரணின்றி நிற்கின்றன. வருவாயை ஊகித்தே எழுத வேண்டிய இடங்களில் அந்தப் பிரிவினை முழுமை பெறுவதில்லை. அங்கே எழுதப்படும் எண் பொருளாதாரக் கணக்காக மட்டுமின்றி அறத் தீர்ப்பாகவும் அமைகிறது.