வீட்டில் மீதி என்ன இருக்கிறது?

தியான பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



 இந்த மாதச் செய்தியை எழுத உட்கார்ந்தபோது ஆவியானவர் என் இருதயத்தில் ஒரு பாரத்தைத் தந்தார். இது பணத்தைப் பற்றிய பாரம். பிரசங்க பீடத்தில் பணத்தைப் பற்றிப் பேசினால் காணிக்கைக்கு அடிபோடுகிறார் என்று சிலர் நினைப்பார்கள். அப்படியல்ல. நான் விழுந்து எழுந்த ஒரு காரியத்தைச் சாட்சியாகவே சொல்லப் போகிறேன். பழைய விசுவாசிகளுக்கு இதில் பாதி தெரியும். மீதி பாதியை இன்றுதான் எழுதுகிறேன்.

2012ம் வருஷம். அப்போது நான் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஊழியம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. அந்த நாட்களில் ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் திருநகர் பக்கம் வீடு வீடாக வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, வாயில் எப்போதும் "பிரைஸ் த லார்ட் பாஸ்டர்." ஒரு லட்சம் போட்டால் மாதம் ஆறாயிரம் என்றார். நான் என் மனைவியின் நகைகளை அடகு வைத்து இரண்டு லட்சம் போட்டேன். மூன்று மாதம் தவறாமல் பணம் வந்தது. நானும் சும்மா இருக்காமல் சபையில் எழுந்து நின்று, "கர்த்தர் எனக்கு ஒரு வாசலைத் திறந்தார், அல்லேலூயா!" என்று சாட்சி சொன்னேன்.

அந்தச் சாட்சியைக் கேட்டு ஒரு அக்கா, இட்லிக் கடை போட்டுப் பிழைக்கிற விதவை, மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த எண்பதாயிரத்தைக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

2013 பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் அந்த ஆபீஸ் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. போன் எடுக்க ஆளில்லை. வாசலில் நூறு பேர் நின்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

பிரியமானவர்களே, ஒரு லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம் என்றால் வருஷத்துக்கு 72 சதவீதம். பகலெல்லாம் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை! ஆசை வந்தால் கணக்கு மறந்துபோகும். நல்ல வியாபாரிக்கே வருஷம் முழுக்க ஓடியாடி இவ்வளவு லாபம் கிடைப்பதில்லை. பிறகு இவன் எங்கிருந்து தருவான்? பின்னால் வருகிறவன் போடுகிற பணத்தை எடுத்து முன்னால் வந்தவனுக்குக் கொடுப்பான். வருகிறவர்கள் நின்றால் ஷட்டர் இறங்கும். 1998ல் தேக்கு மரம் என்று சொல்லி அனுபவ் கம்பெனியில் ஜனங்கள் ஏமாந்தார்கள். 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்று சொல்லி ஏமாந்தார்கள். மரமும் கோழியும் மாறிக்கொண்டே இருக்கும், வலை மட்டும் ஒன்றுதான். அவசரத்தில் வந்த செல்வம் கரைந்துபோகும் என்றும், கைப்பாடுபட்டுச் சேர்க்கிறவனுக்கே அது பெருகும் என்றும் நீதிமொழிகள் 13:11 நமக்கு முன்னமே சொல்லியிருக்கிறதே!

அந்த வாரம் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். திட்டுவார்கள், அழுவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டீகளா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "பணம் போனதுகூடப் பெருசில்ல பாஸ்டர். நீங்க சொன்னதைக் கர்த்தர் சொன்னதுன்னு நெனச்சுட்டேன்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நகை போனது எனக்கு நஷ்டம். ஆனால் அந்த அக்காவின் விசுவாசத்தில் கைவைத்தது பாவம். என் பேராசைக்குக் கர்த்தருடைய நாமத்தை முத்திரையாகக் குத்திவிட்டேனே என்று தரையில் கிடந்து அழுதேன். அப்போதுதான் எலிசாவிடம் ஓடிவந்த அந்த விதவையின் சரித்திரம் எனக்குத் திறக்கப்பட்டது. அவள் புருஷனும் ஊழியக்காரன்தான், தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன். கர்த்தருக்குப் பயந்தவன்தான். ஆனாலும் கடனை வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வாசலில் நிற்கிறான். பக்தியுள்ள வீட்டுக்கும் கடன் வரும், கஷ்டம் வரும். அந்த வீட்டைத் தேவன் எப்படித் தூக்கி எடுத்தார் என்பதை நான்கு காரியங்களாகத் தியானிப்போம்.

1. மீதி இருப்பதைப் பார்

அந்த விதவையிடம் எலிசா போனது எவ்வளவு என்று கேட்கவில்லை, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ஆரம்பித்த அவள் கடைசியில்தான் ஒரு குடம் எண்ணெயை நினைத்துக்கொண்டாள். நாமும் அப்படித்தான். நஷ்டம் வந்தால் போனதையே எண்ணிக்கொண்டிருப்போம். நானும் என் மனைவியும் அன்று வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். ஒரு பழைய தையல் மெஷின், என்னிடம் கணக்கு எழுதத் தெரிந்த கை. அவ்வளவுதான். "என்னங்க, மெஷின் இருக்கு, நான் பார்த்துக்கிறேன்" என்று அவள் அன்றைக்கே பிளவுஸ் தைக்க ஆரம்பித்தாள். நான் இரவில் நான்கு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதினேன். சகோதரனே, உன் வீட்டில் மீதி என்ன? ஒரு தொழிலா? ஒரு சைக்கிளா? அதிகாலையில் எழும்புகிற பழக்கமா? கர்த்தர் அற்புதத்தை அதிலிருந்துதான் தொடங்குவார்.

2. அயல்வீட்டுப் பாத்திரங்களைக் கேள்

தேவன் நினைத்திருந்தால் வானத்திலிருந்து பாத்திரங்களையும் இறக்கியிருக்கலாம். ஆனால் அயல்வீடுகளில் போய்க் கேள், கொஞ்சமாய்க் கேட்காதே என்றார். தனியாக எழும்ப முடியாது என்பதற்கு இதுவே அடையாளம்.

நம்முடைய மதுரை ஜில்லாவிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1990ல் கிராமத்து ஏழைப் பெண்கள் சின்னச் சின்னக் குழுவாகக் கூடி மாதம் பத்து, இருபது ரூபாய் சேமிக்க ஆரம்பித்தார்கள். அதற்குக் களஞ்சியம் என்று பெயர். 1997ல் மதுரையில் அமைக்கப்பட்ட தானம் அறக்கட்டளை அதை நடத்தி வந்தது. புல்லுச்சேரி கிராமத்துச் சின்னப்பிள்ளை அம்மாளை எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத கூலி வேலைக்காரப் பெண். கந்து வட்டியில் மாட்டிக்கொண்டிருந்த பெண்களை ஊர் ஊராகப் போய்க் கூட்டிச் சேர்த்தார்கள். 2001 ஜனவரியில் டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அந்த அம்மா காலைத் தொட்டு வணங்கினார். 2019ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவ்வளவு பேர் வாங்கிய அந்த அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு நல்ல வீடு இல்லாமலே இருந்தது. 2024ல்தான் தமிழக அரசு வீடு கட்டிக்கொடுக்க முன்வந்தது. அப்படியானால் அந்த அம்மா சேர்த்த ஆஸ்தி எங்கே? வட்டிக்காரனுக்குப் பயப்படாமல் இன்று தலைநிமிர்ந்து நிற்கிற பெண்களிடத்தில் இருக்கிறது. அதைத் திருடன் எடுக்க முடியாது, பூச்சியும் அரிக்க முடியாது.

அந்த அம்மா நம்முடைய சபையார் அல்ல. ஆனால் ஆண்டவர் நூற்றுக்கு அதிபதியிடத்தில் நல்லதைக் கண்டபோது ஆச்சரியப்பட்டு மெச்சினாரே! நாமும் கற்றுக்கொள்ளலாம். 2014 ஏப்ரலில் நம்முடைய சகோதரிகள் 14 பேர் ஆளுக்கு மாதம் 100 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். சிலர் சிரித்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சேர்ந்திருந்த சேமிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வேலையிழந்த வீடுகளுக்கு அரிசி அந்தப் பணத்தில்தான் போனது. ஒரு வீடும் மீட்டர் வட்டிக்குப் போகவில்லை. ஸ்தோத்திரம்!

3. முதலில் கடனைத் தீர்

எண்ணெயை விற்றபின் எலிசா சொன்ன ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் கடன், பிறகுதான் ஜீவனம். நாம் மாற்றிச் செய்கிறோம். கடனை வைத்துக்கொண்டே தவணையில் டிவி வாங்குகிறோம், சீருக்குக் கடன் வாங்குகிறோம். "பத்து வட்டிதான் பாஸ்டர்" என்கிறார்கள். நூற்றுக்கு மாதம் பத்து என்றால் வருஷத்துக்கு 120. வாங்கின பணத்தைவிட வட்டி பெரிசு! 2003லேயே அதிக வட்டியைத் தடுக்கச் சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் நாமே கழுத்தை நீட்டினால் யார் காப்பாற்றுவது?

இன்னொன்றும் கவனியுங்கள். எலிசா தனக்கென்று ஒரு படி எண்ணெய் கேட்கவில்லை. ஊழியக்காரராகிய நாங்கள் இதை வாசித்து நடுங்கவேண்டும். கடனில் தவிக்கிற வீட்டில் போய், விதை போடு, நூறு மடங்கு வரும் என்று பேசுகிறவனுக்கும் தோல் பை ஆளுக்கும் என்ன வித்தியாசம்?

4. மீதியில் ஜீவனம் செய்

எண்ணெய் நின்றபோது அவள் புலம்பவில்லை, இருப்பதில் பிழைத்தாள். யோசேப்பு எகிப்திலே செழிப்பான ஏழு வருஷமும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தான் (ஆதியாகமம் 41:34). பஞ்சம் வந்தபின் சேமிக்க ஆரம்பித்திருந்தால் ஒரு தேசமே அழிந்திருக்கும். வருமானம் வருகிற நாளில், தசமபாகத்தோடுகூட ஒரு பங்கைத் தனியே வையுங்கள். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலேயே தொடர் வைப்புக் கணக்கு ஆரம்பிக்கலாம். வங்கியில் போடுகிற பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும் 2020 முதல் காப்பீடு இருக்கிறது. சீட்டுப் போட்டால் பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். வருஷத்துக்கு 12 சதவீதம் கிடைத்தாலும் பணம் இரட்டிப்பாக ஆறு வருஷம் ஆகும். ஒரே வருஷத்தில் இரட்டிப்பு என்கிறவனுக்குக் கதவைச் சாத்துங்கள், அவன் வேதத்தைக் கையில் வைத்திருந்தாலும் சாத்துங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997லேயே நம்முடைய மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.

"எல்லாம் சரி பாஸ்டர், நான் உடைஞ்சே போயிட்டேனே" என்கிறாயா? விளாச்சேரிக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார். நமக்குப் பக்கத்து ஊர்தான். கிறிஸ்துமஸ் வந்தால் குடில் பொம்மைகள் அங்கேதான் வாங்குகிறோம். ஒருநாள் ஒரு பெரியவர் பொம்மை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேய்ப்பன் பொம்மையின் கை கோணலாகிவிட்டது. பேசாமல் அமுக்கிப் பிசைந்து மறுபடி செய்தார். பக்கத்தில் சூளையில் வெந்த பொம்மை ஒன்று விரிந்து கிடந்தது. "இது ஆகாதா ஐயா?" என்றேன். "வெந்த மண்ணு கேக்காது தம்பி, ஈரமண்ணுதான் கேக்கும்" என்றார். எரேமியா 18ம் அதிகாரத்தில் குயவன் கையில் கெட்டுப்போன மண் வேறு பாத்திரமாகிறது. அடுத்த அதிகாரத்தில் சுட்ட கலசம் உடைகிறது, அதைச் செப்பனிட முடிவதில்லை. நஷ்டம் யாருக்கும் வரும். நஷ்டத்தில் நீ ஈரமாயிருக்கிறாயா, கசப்பில் வெந்து இறுகிப்போனாயா என்பதுதான் கேள்வி. தப்பை ஒத்துக்கொள்கிறவன் ஈரமண். எல்லாப் பழியையும் அடுத்தவன்மேல் போடுகிறவன் வெந்த மண்.

அந்த அக்காவின் எண்பதாயிரத்தை நான் திருப்பித் தருவேன் என்று பொருத்தனை பண்ணினேன். சட்டப்படி நான் தரவேண்டியதில்லை. ஆனால் சகேயுவின் வீட்டுக்குள் இயேசு வந்தபோது அவன் கை பணப்பையைத்தானே திறந்தது! 2013 ஜூன் தொடங்கி மாதம் 1,600 ரூபாயாக 50 மாதம் கொடுத்தேன். இடையில் 2015ல் மகள் கல்யாணமும் எளிமையாக நடந்தது. அக்கா ஒவ்வொரு மாதமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்தார்கள். என் மனைவியின் நகைகள் திரும்ப வரவேயில்லை, ஏலத்தில் போய்விட்டன. இன்றும் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பிரசங்கம்.

2017 ஜூலையில் கடைசித் தவணையைக் கொடுத்தேன். அக்கா நோட்டில் கோடு கிழித்து மூடினார்கள். "இனிமே நீங்க பிரசங்கம் பண்ணினா மனசுல ஏறும் பாஸ்டர்" என்றார்கள். நாலு வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தவர்கள் அவர்கள்! அவ்வளவு நாளும் என் வார்த்தை அவர்களுக்குள் இறங்காமலே இருந்திருக்கிறது. நான் கட்டித் தீர்த்தது எண்பதாயிரம் மட்டுமல்ல என்று அன்றுதான் தெரிந்தது.

நிலைத்த ஐசுவரியம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்லுவேன். கடனில்லாத வீடு, நேர்மையான கை, கூப்பிட்டால் பாத்திரத்தோடு ஓடிவருகிற அயலார், நம் வார்த்தையை நம்புகிற ஒரு ஆத்துமா. இவைகளைச் சேர்ப்போம்.

ஜெபிப்போம்: பரலோகத் தகப்பனே, எங்கள் பேராசையை மன்னியும். கடனோடு இதை வாசிக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் நினைத்தருளும். அவர்கள் வீட்டில் மீதியிருக்கிற ஒரு குடம் எண்ணெயை அவர்களுக்குக் காண்பியும். எங்களை உம்முடைய கையில் ஈரமண்ணாக வைத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஊழியன்,
திருநகர், மதுரை.